அம்மாவின் சாகா

பழைய பெட்ரோலுக்கென்று ஒரு வாடை இருக்கிறது. புதுப் பெட்ரோல் மூக்கில் சுள்ளென்று ஏறி உடனே விலகிவிடும். வருடக்கணக்கில் நின்றுபோன பெட்ரோல் விலகாது. வார்னிஷ் வாடை ஏறி, புளித்து, தொண்டையில் தங்கிவிடும். பினாங்கின் ஜுருவில் அம்மா வீட்டு முன்கூரையின் கீழ் 2020 மார்ச்சிலிருந்து நின்றிருந்த புரோட்டோன் சாகாவின் டேங்க் மூடியைத் திருகியதும் அந்த வாடைதான் வந்தது. பட்டறை மாமா குனிந்து முகர்ந்தார். "சாவிய எங்கிட்ட குடுத்துரும்மா. நான் சொல்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்றார்.

நெடுநாள் நின்ற காடியைப் பார்த்ததும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை, ஒரு ஜம்ப்பர் கேபிளை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான். எஞ்சின் உறுமிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த ஒரு திருப்பலில்தான் பல காடிகள் கெடுகின்றன. பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் சரக்கும் மெல்ல ஆவியாகும் சரக்கும் கலந்திருக்கின்றன. குளிர்ந்த எஞ்சினை எழுப்புவது சீக்கிரம் ஆவியாகும் பகுதி. நம் ஊர் வெயிலில், அதுவும் கார்புரேட்டர் வைத்த பழைய காடியில், அது சில மாதங்களிலேயே பறந்துவிடும். மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். டேங்கின் அடியில் கிடக்கும்வரை அந்தப் பிசினால் தொல்லை இல்லை. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் அதை உறிஞ்சிக் கொண்டுபோய்க் கார்புரேட்டரின் நுண்ணிய ஜெட்டுகளில் அடைத்துவிடும். துருவும் கூடவே போகும். பாதி டேங்கோடு நிறுத்திய காடியில், மேல்பாதியில் அடைபட்ட ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீராகி இரும்பில் வடிகிறது. ஜுருவின் காற்றில் ஆற்று முகத்துவாரத்து உப்பும் உண்டு, பிறைத் தொழிற்பேட்டையின் புகையும் உண்டு.

மாமா டேங்கின் அடி நட்டைக் கழற்றினார். கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது.

அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஸ்டோர் வாடை அடிக்குது" என்றார். அம்மாவுக்குப் புளித்த வாடை எதுவானாலும் அது தோட்டத்து ஸ்டோர்தான். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பார்களே, அந்த இடம். அம்மா பிறந்தது ஜுருவில், தோட்டத்து லயத்தில். பள்ளி விடுமுறையில் பாட்டியோடு ரப்பர் மர நிரைக்குப் போய்ப் பால் மங்கு துடைத்துக் கொடுத்தவர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, அதற்கப்புறம் மரம், அதற்கப்புறம் பால் எடுப்பு, ஸ்டோர், நிறுவை. பாட்டியின் விரல் இடுக்குகளில் பால் காய்ந்து தோலோடு தோலாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். இன்று அந்த ஜுருவைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். டோல் சாவடி, அதன் பக்கத்தில் காடி ஷோரூம்களும் உணவகங்களுமாக ஆட்டோ சிட்டி, வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஜுரு என்றால் டோல். டோல் என்றால் நெரிசல். அங்கே ஓர் ஊர் இருந்தது, ஓர் ஆறு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஆறு என்றால் சுங்கை ஜுரு. அதன் வாயில் கோலா ஜுரு என்ற மீனவக் கம்பம். 1970களில் பிறைத் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றில் இறங்க, மீனும் குறைந்தது, சேற்றில் விளையும் கெராங் சிப்பியும் செத்தது. அந்த மீனவர்களின் பக்கம் நின்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். 2019இல் மறையும்வரை அதற்குத் தலைமையேற்றிருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், நம் தமிழ் பேசிய மனிதர். காடி பெருகப் பெருக நகரம் மூச்சுத் திணறும் என்று எச்சரித்துக்கொண்டே இருந்த சங்கம் அது. அவர்கள் சொன்னது சரி. ஆற்றைக் கெடுத்த அதே தொழிற்சாலைக் காலம்தான் தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது என்பதும் சரி. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தக் காடியைப் பற்றி என்னால் பேச முடியும்.

1972இல் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியது. இண்டெல், ஹிட்டாச்சி, நேஷனல் செமிகண்டக்டர் என்று ஒவ்வொன்றாக வந்தன. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியை விட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலைக்குப் பெண்களைத் தேடினார்கள். மலாய்க் கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் போனார்கள். அம்மா போனது எண்பதுகளின் தொடக்கத்தில். அப்போது பாலம் கிடையாது. இருட்டில் கிளம்பி பட்டர்வொர்த் வந்து, பெர்ரியில் கடந்து, அந்தப் பக்கம் நிற்கும் பக்டரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பெர்ரி தாமதமானால் பஸ் போய்விடும். பஸ் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். "கடல் நடுவுல நிக்கறப்ப அந்தக் கரைய பாத்துகிட்டே இருப்பேன், பஸ்ஸோட லைட்டு தெரியுதான்னு" என்பார்.

பாலம் 1985இல் வந்தது. 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. அதே ஆண்டு ஜூலையில்தான் ஷா ஆலாமில் முதல் சாகா வெளிவந்தது. பிரதமராக இருந்த மகாதீர் ஒரு சிவப்பு சாகாவைத் தாமே ஓட்டிக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடந்தார். மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரேவைத் தழுவிச் செய்த காடி அது, எஞ்சினும் அவர்களுடையதுதான். இருந்தாலும் அது நம் நாட்டுக் காடி என்று எல்லாரும் பெருமைப்பட்டார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்த அம்மா, பாலத்தைத்தான் முதலில் பார்த்திருக்கிறார், காடியை அப்புறம். பெர்ரிக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அவர் மனதில் பதிந்தது. நான்கு வருடம் ஓவர்டைம் செய்து முன்பணம் சேர்த்தார். 1989இல் தவணையில் சாகா 1.3 வந்தது.

அப்பா காடி ஓட்டமாட்டார். லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. சாலையில் பார்த்த விபத்துகள் அவரை ஸ்டியரிங் பக்கமே போகவிடவில்லை. அம்மா ஓட்ட, அவர் இடதுபுறம் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அப்பா அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இறங்கிச் சுற்றி வந்து அம்மா பக்கத்துக் கதவைத் தாம் திறந்துவிடுவார். எண்பதுகளின் முடிவில், தோட்டத்திலிருந்து வெளியே வந்த ஓர் ஆண் அப்படிச் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு வெகுகாலம் புரியாமல் இருந்தது.

இனி எஞ்சின். மாமா நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயை விட்டு அப்படியே ஓர் இரவு ஊறவிட்டார். எஞ்சின் ஓடும்போது சிலிண்டர் சுவரில் எப்போதும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். நின்றுவிட்டால் அது மெல்ல வடிந்து கீழே போய்விடும். ஈரக்காற்று பட்டால் சுவர் துருப்பிடிக்கும், பிஸ்டன் வளையம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரைக் கொண்டு வன்மையாகத் திருப்பினால் வளையம் உடையும், சுவரும் கீறும். ஆகவே மறுநாள் காலை மாமா கிராங்க் புல்லியில் ஸ்பானரை மாட்டிக் கையாலேயே திருப்பிப் பார்த்தார். முதலில் அசையவில்லை. வற்புறுத்தாமல் முன்னுக்கும் பின்னுக்குமாக ஓர் இம்மி, இன்னோர் இம்மி என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு முழுச்சுற்று சுற்றியது. அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்துத்தான் நானும் மூச்சு விட்டேன்.

"டைமிங் பெல்ட் எப்பக்கா மாத்துனது?" என்று கேட்டார். அம்மா எழுந்து வந்து டேஷ்போர்டைத் திறந்து 555 நோட்டை எடுத்தார். மலேசியாவில் பிறந்தவர்களுக்கு 555 நோட்டை விளக்க வேண்டியதில்லை. மளிகைக் கடைக் கடன் எழுதுகிற சின்ன நோட்டு. அம்மா அதில் காடிக் கணக்கு எழுதி வந்தார். தேதி, மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், என்ன மாற்றியது, எவ்வளவு வெள்ளி. எல்லாம் தமிழில், தோட்டப் பள்ளியில் பழகிய உருண்டை எழுத்தில். டைமிங் பெல்ட் 2011இல் மாற்றியிருந்தது. அதற்குப் பிறகு காடி அதிகம் ஓடவில்லை. மாமாவுக்கு அந்தக் கிலோமீட்டர் கணக்கு முக்கியமாகப் படவில்லை, வருடத்தைத்தான் பார்த்தார். பெல்ட் ரப்பர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு வயதாகும். அதைக் கழற்றி வளைத்துக் காட்டினார். பல்லுக்குப் பல் இடையில் வெடிப்பு.

டையரைப் பொறுத்தவரை அவரும் நானும் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. பார்க்கக் கறுப்பாக, கோடு தேயாமல் இருந்தன. அம்மா குனிந்து பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினார். நகத்தால் ஒரு கோடு இழுத்தார். "இது செத்த ரப்பர்" என்றார். மாமா டையரில் பதிந்த கடைசி நான்கு எண்களைத் துடைத்துப் பார்த்தார்: 2414. இருபத்து நான்காவது வாரம், 2014. ரப்பர் மரத்தில் பால் எடுத்த குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த எண் தேவைப்படவில்லை. ஓடுகிற டையர் சூடாகி, மடிந்து மடிந்து, உள்ளே கலந்திருக்கும் காப்புப் பொருளைத் தன் மேல்தோலுக்குக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நின்ற டையருக்கு அது கிடைக்காது. ஓசோனும் வெயிலும் தோலை வெடிக்க வைக்கும், நின்ற இடம் தட்டையாகும். நான்கையும் மாற்றினோம். பூட்டில் கிடந்த மாற்று டையரையும் மாற்றச் சொன்னது அம்மாதான். அது காடியை விட்டே இறங்காதது, ஆனால் வயது அதற்கும் உண்டு.

நின்ற காடியை எழுப்பும் கலையை மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் உண்டு. பழைய காடி எதைப் பார்த்தாலும் மாமாவுக்கு அவர் ஞாபகம் வந்துவிடும். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் போகாதபடி தடை இருந்தபோது, அங்கே ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் காடிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எஞ்சினை எழுப்ப மட்டும் சிறு குப்பியில் வைத்திருக்கும் சொட்டுப் பெட்ரோலைக் கார்புரேட்டரில் விடுவார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் எடுத்துக்கொள்ளும். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அது நடந்தது. சாகாவில் முயன்றால் எஞ்சின் தட்டும், சீக்கிரமே பாழாகும். 1995 அக்டோபரில் வலிகாமத்துச் சனமெல்லாம் ஒரே இரவில் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்தவர்களில் சிலருக்கு வீட்டுக் கூரை போயிருந்தும் கொட்டிலில் காடி மிஞ்சியிருந்தது. உதிரி கிடையாது, பெட்ரோல் கிடையாது, பேட்டரி கிடையாது. இருந்தும் எழுப்பினார்கள். யாழ்ப்பாணத்து வாடகைக் காடி நிறுத்தங்களில் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ்கள் அத்தனை காலம் ஓடியது அந்தக் கைகளால்தான். கோவையில் ஜி.டி. நாயுடு பெயரால் விளங்கும் கார் காட்சியகத்தில் துடைத்து மினுக்கிய பழைய கார்கள் நிற்கின்றன, அவை அழகு. எனக்கு அந்த ஆஸ்டின்கள் மேல்தான் மதிப்பு அதிகம். அவை நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின.

அந்தப் பெரியவரிடமிருந்து மாமா எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று: "மொதல்ல நிக்கணும். அப்புறம் திரும்பணும். அப்புறம்தான் ஓடணும்." ஆகவே எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகு அதைத் தொடாமல் வைத்துவிட்டு, பல நாள் பிரேக்கிலேயே கிடந்தார். பின் சக்கரம் இரண்டும் சுற்றவே இல்லை. கை பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தியிருந்ததால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிப்போயிருந்தது. ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றினார். உள்ளே வீல் சிலிண்டரின் உறையை நீக்கியதும் பழுப்புத் தண்ணீர் வழிந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் குணமுள்ளது. ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட உறிஞ்சும். புது டாட் 3 எண்ணெய் 205 டிகிரியில் கொதிக்கும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், பெடல் தரையைத் தொடும், காடி நிற்காது. நிறுத்தி வைத்த காலத்தில் அந்தத் தண்ணீர் சும்மாவும் இருப்பதில்லை. உள்ளிருந்து இரும்பைத் தின்கிறது. நான்கு ஹோஸ், இரண்டு வீல் சிலிண்டர், மாஸ்டர் பம்ப், ஷூ எல்லாம் புதிது. முன் சக்கரத்துக் கேலிப்பர் பிஸ்டன்களை மட்டும் துருத் தேய்த்து, சீல் மாற்றித் திரும்பப் போட்டார்.

உதிரி கிடைக்குமா என்ற கவலை எங்களுக்கு இருந்ததே இல்லை. அந்த முதல் சாகாவின் வார்ப்பு, இஸ்வாரா என்ற பெயரிலும் பிறகும் தொடர்ந்து 2008 வரை வந்தது. புக்கிட் மெர்தாஜாமில் எந்த உதிரிக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஐரோப்பியக் காடியை நிறுத்தி வைத்தவர்கள் ஒரு வாஷருக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாமானியர்களின் காடிக்கு இந்த ஒரு பெரிய நன்மை: அதைப் பழுது பார்க்க எல்லாருக்கும் தெரியும்.

அம்மா ஓட்டுவதை நிறுத்தியது கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையோடு. 2020 மார்ச் 18. ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை வந்து ஸ்டார்ட் செய்து, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். ஊரெல்லாம் அப்படித்தான் செய்தார்கள். அது காடிக்கு அவ்வளவாக உதவாது. நின்ற இடத்தில் சிறிது நேரம் ஓடும் எஞ்சின் முழுச் சூட்டுக்குப் போவதில்லை. புகைக்குழாயில் நீர் தேங்கித் துருப்பிடிக்கிறது, ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவதற்குள் நிறுத்திவிடுகிறோம். பிறகு அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. எதிரே வரும் விளக்கெல்லாம் பூவாக விரிகிறது என்றார். காடி நின்றது. பேட்டரி செத்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 31. பினாங்குப் பெர்ரி காடிகளை ஏற்றும் கடைசி நாள். மறுநாளிலிருந்து ஆளும் இரு சக்கர வண்டியும் மட்டும்தான். மக்கள் காடியோடு வரிசையில் நின்றார்கள், செய்தியில் காட்டினார்கள். அம்மா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்தார். பாலம் வந்து, சாகா வாங்கி, பெர்ரியை விட்டு விலகி வந்தவர்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது பெர்ரியில்தான் போவார். காடியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கடல் காற்று வாங்கிக்கொண்டு. அவசரமில்லாத நாளில் பெர்ரி, வேலை நாளில் பாலம். அன்று காலை அம்மா சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒரு டிக் சத்தம், அவ்வளவுதான். இதை அவர் என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து. கண் அறுவை முடிந்து, கண்ணாடி மாற்றி, செய்தித்தாளைக் கையில் எடுத்த வாரம். "சாகாவ எழுப்பணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள். பழைய சாகாவைத் தேடி வாங்கிச் சேகரிக்கிறவர்கள் இப்போது உண்டு. நல்ல விலை வரும், பெயிண்ட் அடித்து அசல் சக்கர மூடி போட்டால் இன்னும் வரும் என்று உறவுக்காரப் பிள்ளைகள் சொன்னார்கள். அவர்கள் பேச்சில் அன்பு இருந்தது. ஆனால் செலவழிக்கக் கையிலிருக்கும் பணம் பிரேக்குக்கா பெயிண்டுக்கா என்று வந்தால் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. இந்தக் காடியின் மேல் வெயில் வெளுத்த இடங்கள் இருக்கின்றன, அம்மாவின் பக்கத்துக் கதவில் கைப்பிடி ஓரம் தேய்ந்திருக்கிறது. அவை அப்படியே இருக்கட்டும். ஓடட்டும், நிற்கட்டும், மழையில் ஒழுகாமல் இருக்கட்டும்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. சீட்டுப் பஞ்சு, காய்ந்த இலை, செய்தித்தாள் துண்டு. ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரைக் கடித்திருந்தது, அதை மாற்றினோம். ஏர்கோன் விஷயம் நீளமானது. அந்தக் காலத்துக் காடிகளில் இருந்த ஆர்12 வாயு, ஓசோன் படலத்தைத் துளைக்கும் வகை. 1987இன் மொன்றியால் உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாகக் குறைத்து, நம்மைப் போன்ற நாடுகளிலும் 2010க்குள் நிறுத்திவிட்டார்கள். புது ஆர்134ஏ வாயுவை அப்படியே அடைத்துவிட முடியாது. கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெயும் மாற வேண்டும், டிரையரும் ஓ ரிங்குகளும் மாற வேண்டும். அம்மா வேண்டாம் என்றார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டிப் பழகியவர்.

எஞ்சின் எண்ணெய், ஃபில்டர், பிளக், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் புதிதாக்கி, காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, மாமா ஸ்டார்ட்டரைச் சுற்றினார். தீப்பொறி இல்லாததால் எஞ்சின் எழாது; சுற்றும், எண்ணெய் மேலேறும். சிவப்பு எண்ணெய் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டுச் சுற்றினார். காய்ந்த பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒயரை மாட்டினார். இரண்டு மூன்று இருமல், நீலப் புகை, பிறகு ஒரு சீரான சத்தம். சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிந்து முடிந்ததும் புகையும் நின்றது. அம்மா நாற்காலியில் முன்னுக்கு வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "ஐடில் கொஞ்சம் கூட இருக்கு தம்பி" என்றார். மாமா ஸ்குரூடிரைவரை எடுத்து அரைச் சுற்று குறைத்தார்.

தாள் வேலை மிச்சமிருந்தது. சாலை வரி காலாவதியாகி மூன்று ஆண்டுக்கு மேல் போன காடி என்றால் சும்மா புதுப்பித்துவிட முடியாது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் வழியே போய், புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் தேற வேண்டியிருந்தது. அதுவரை சாலையில் ஓட்டவும் கூடாது. ஆகவே டோ லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். புகை, சக்கரம் பக்கவாட்டில் இழுக்கும் அளவு, சஸ்பென்ஷன், அடிப்பாகம் எல்லாம் பார்ப்பார்கள். பிரேக் உருளையின் மேல் சக்கரத்தை ஏற்றி அழுத்திக் காட்டியபோது திரையில் இடமும் வலமும் சமமாக ஏறின. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். காப்புறுதி எடுக்கப் போனால் இத்தனை வயதுக் காடிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தான் என்றார்கள், போதும். 1,300 சிசிக்குச் சாலை வரி ஆண்டுக்கு 70 வெள்ளி. வரிச் சீட்டை முன்கண்ணாடியில் ஒட்டுவது 2023 பிப்ரவரிக்குப் பிறகு கட்டாயம் இல்லை. ஆனாலும் அம்மா அச்சடித்து வாங்கிவரச் சொன்னார், ஒட்டவும் செய்தார்.

அப்போதுதான் நான் லைசென்ஸ் பற்றிக் கேட்டேன். ஓட்டுநர் லைசென்ஸுக்கும் அதே மூன்று வருடக் கணக்கு உண்டு. விட்டுவிட்டால் மறுபடி பரீட்சைக்குப் போக வேண்டும். அம்மா கைப்பையைத் திறந்து நீட்டினார். கண் தெரியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த வருடங்களிலும் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் சில நாட்கள் தாமானுக்குள்ளேயே ஓட்டினார். பிறகு கடைத்தெரு வரை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, நெரிசல் வருமுன், பாலம். நான் இடதுபுறம், அப்பா உட்காரும் இடத்தில். டோலில் தொடுஅட்டையை நீட்டினார். 7 வெள்ளியாக இருந்த டோல், காடி நிற்பதற்குச் சற்று முன், 2020 பிப்ரவரியில் 5.74 ஆகக் குறைந்திருந்தது. இடது தடத்தைப் பிடித்தார். எழுபதில் வைத்தார். பின்னால் வந்த லாரிக்காரன் விளக்கடித்தான். அம்மா கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு அதே எழுபதில் போனார். தெற்கே இரண்டாவது பாலம் தெரிந்தது. 2014இல் திறந்தபோது ஒரு முறை அதிலும் ஓட்டிப் பார்த்தவர்தான். பத்து கவானில் ஏறி பத்து மாவுங்கில் இறங்கி, 24 கிலோமீட்டர். "அது ரொம்ப நீளம், தூக்கம் வந்துரும்" என்றார் இப்போதும்.

தீவில் இறங்கியதும் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். தைப்பூசத்துக்கு எங்கள் மூவரையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, திரும்பும்போது நாங்கள் தூங்கிவிட, நள்ளிரவில் இதே பாலத்தில் தனியாக விழித்துக்கொண்டு ஓட்டியவர். அப்புறம் போகலாம் என்று சொல்லி பாயான் லெப்பாஸ் பக்கம் திருப்பினார். இரவு ஷிஃப்ட் விடுகிற நேரம். பக்டரி பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அம்மா வேலை செய்த கட்டடத்தின் பெயர்ப் பலகை மாறியிருந்தது. வெளியே வந்த பிள்ளைகளில் வங்காளதேசத்தவர், நேப்பாளிகள், நம் பெண்கள். ஒரு பெண் தன் மோட்டாரை எடுத்துக்கொண்டு எங்கள் குறுக்கே வந்தாள். அம்மா பிரேக்கை அழுத்தினார். காடி நேராக, இழுக்காமல் நின்றது. அவள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

"நல்லா நிக்குதும்மா" என்றேன்.

"நிக்குது. ஆனா பெடல் முந்தாநாளைக்கு இன்னைக்கு அர இஞ்சு கீழ போகுது. புது ஷூ உக்காருது போல. திங்கக்கெழம அந்தத் தம்பிய ரியர் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லணும், நோட்ல எழுது" என்று சொல்லிவிட்டு அம்மா முதல் கியரைப் போட்டார்.